அம்புத் துளைக்கு என்ன மதிப்பு?

கோட்டைச் சுவரில் அம்பு விடுவதற்காக நெட்டுக்குத்தாக ஒரு கீறல் மாதிரி துளை விட்டிருப்பார்கள். உள்ளே நிற்கிறவனுக்கு வெளியே நடக்கிறது தெரியும். வெளியே நிற்கிறவனுக்கு ஒரு இருட்டுக் கோடு மட்டும்தான் தெரியும். 2000-ஆம் ஆண்டு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பில், அந்தத் துளைக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தற்காப்பில் 10 புள்ளி கூடும். 2003-ல் வந்த திருத்தத்தில் அது 8. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 5. சுவரும் மாறவில்லை, துளையும் மாறவில்லை. பதினாலு வருஷத்தில் மதிப்பு மட்டும் பாதியாகிவிட்டது.

இதைக் கவனித்ததும் காரணம் என்னவாக இருக்கும் என்று பழைய விதிப் புத்தகங்களைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தேன். எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் எதிர்பாராதது. ஒரு சுவர் இந்த விளையாட்டில் எவ்வளவு காப்பாத்தும் என்பதைச் சுவருக்கான விதி தீர்மானிப்பதில்லை. நகர்வதற்கான விதிதான் தீர்மானிக்கிறது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மேசையைச் சுத்தி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, நடுவர் சொல்கிற உலகத்துக்குள் கதை நடத்துவார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தப் பசங்க வீட்டு அடித்தளத்தில் விளையாடுவது இதைத்தான். சண்டை வந்தால் 20 முகப் பகடையை உருட்டுவார்கள். எதிராளியின் தற்காப்பு எண்ணைத் தொட்டால் அடி விழுந்தது, தொடாவிட்டால் தப்பித்தான்.

சரி, அட்டவணைக்கு வருவோம். 1979-ல் கேரி கைகாக்ஸ் எழுதிய டன்ஜன் மாஸ்டர் கையேட்டில்தான் இது தெளிவான வடிவத்தில் இருக்கிறது. தமிழில் நாம் 'மறைவு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற விஷயத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். புதருக்குப் பின்னால் நின்றால் நீங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டீர்கள், ஆனால் அம்பு உள்ளே வரும். அது மறைப்பு. கல் சுவருக்குப் பின்னால் நின்றால் அம்பே வராது. அது தடுப்பு. உடம்பில் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி, 90 சதவீதம் மறைந்திருந்தால் மறைப்புக்கு 1, 2, 3, 4 புள்ளி. தடுப்புக்கு 2, 4, 7, 10 புள்ளி. மூன்றாம் பதிப்பின் அம்புத் துளைக்குக் கிடைத்த 10, இந்த 90 சதவீத வரிசையின் வாரிசு.

2, 4, 7, 10 என்று ஏன் ஒழுங்கில்லாமல் போகிறது? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த வெளியில் நிற்கிறவனை அடிக்க 11 அல்லது அதற்கு மேல் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு 50 சதவீதம். கால்வாசித் தடுப்பில் அது 40 ஆகிறது, அரைவாசியில் 30, முக்கால்வாசியில் 15. உடம்பில் எவ்வளவு வெளியே தெரிகிறதோ அந்த விகிதத்தில் குறைத்தால் வர வேண்டியது 37.5, 25, 12.5. கிட்டத்தட்ட ஒட்டி வருகிறது! 90 சதவீதத் தடுப்பில் 21 தேவைப்படும், அது பகடையிலேயே இல்லாத எண். ஆனால் 20 விழுந்தால் எப்படியும் அடிதான் என்கிற மூன்றாம் பதிப்பு விதியை வைத்தால் 5 சதவீதம். அதுவும் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் இந்தப் பொருத்தம் சராசரி வில்லாளிக்கு மட்டும்தான். 2 விழுந்தாலே அடிக்கிற கெட்டிக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வாய்ப்பு 95 சதவீதம். எதிராளி முக்கால்வாசி உடம்பைச் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாலும் 60 சதவீதம் அவனிடம் மிச்சம் இருக்கிறது. விகிதக் கணக்குப்படி 24-க்கும் கீழே போயிருக்க வேண்டும். கூட்டல் கணக்கின் குணம் இது: திறமைசாலி முன்னால் சுவர் கரையும். மூன்றாம் பதிப்பில் மறைப்பை மட்டும் இந்தக் கூட்டலிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். அடி விழுந்த பிறகு தனியாக ஒரு உருட்டல், அதில் இத்தனை சதவீதம் தவறும் என்று. ஆக இருட்டு கெட்டிக்காரனுக்கும் கத்துக்குட்டிக்கும் ஒரே இருட்டு. சுவர் மட்டும் ஆளைப் பொறுத்தது. எனக்கு இது பிடித்த முடிவு. கெட்டிக்காரன் சின்னச் சந்தில் குறி வைப்பான், ஆனால் தெரியாததை யாராலும் குறி வைக்க முடியாது.

இந்த எண்கள் எதுவுமே தேவைப்படாத ஒரு காலமும் இருந்தது. எச். ஜி. வெல்ஸை 'டைம் மெஷின்' ஆசிரியராகத்தான் நமக்குத் தெரியும். 1913-ல் அவர் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் போருக்கு ஒரு விதிப் புத்தகம் போட்டார். காலாட்படை ஒரு முறைக்கு ஒரு அடி நகரலாம், குதிரைப்படை இரண்டு அடி. சுடுவது பீரங்கி மட்டும்தான். அதுவும் உண்மையாகவே சுடும். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியிலிருந்து சின்ன மரக்கட்டை பறந்து போய்ச் சிப்பாயைத் தள்ளிவிடும். ஒன்பது கஜ தூரத்தில் பத்துக்கு ஒன்பது தடவை குறி தப்பாது என்று பெருமையாக எழுதுகிறார். ஆரம்பத்தில் நிலப்பரப்புக்காகத் தரையில் கலைக்களஞ்சியத் தொகுதிகளைத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

அங்கே தடுப்புக்கு விதியே இல்லை, தேவையும் இல்லை. புத்தகத்துக்குப் பின்னால் நிற்கிற பொம்மை மேல் மரக்கட்டை படாது, அவ்வளவுதான். வெளியே ஒரு தோள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தோளில் படலாம். சதவீதத்தை மேசையே கணக்குப் போட்டுக்கொள்கிறது. 2004-ல் இந்தப் புத்தகம் மறுபதிப்பு வந்தபோது முன்னுரை எழுதியவர் கைகாக்ஸ்தான்.

வெல்ஸுக்கும் முன்னால் ஜெர்மானியர்கள். 1780-ல் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஆசிரியராக இருந்த ஹெல்விக் சதுரங்கத்தை எடுத்து, 1,617 கட்டங்களாக விரித்து, கட்டங்களுக்கு வண்ணம் பூசினார். ஒரு வண்ணம் மலை, ஒரு வண்ணம் தண்ணீர். நம் ஊரிலிருந்து கிளம்பிப் போன சதுரங்கத்தில் எல்லாக் கட்டமும் ஒன்றுதான். ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய் நிற்பது மட்டுமே அங்கே தடுப்பு. இடமும் உன்னைக் காப்பாத்தும் என்கிற எண்ணம் பலகைக்குள் வந்தது இப்படித்தான்.

அதற்கு அடுத்த பெரிய எட்டு ரைஸ்விட்ஸ் என்கிற பிரஷ்ய அதிகாரியுடையது. அவருடைய அப்பா 1812-ல் நிலப்பரப்புத் துண்டுகள் வைத்த ஒரு பெரிய மேசையை அரசருக்குச் செய்து கொடுத்தார். மகன் 1824-ல் கட்டங்களையே தூக்கி எறிந்துவிட்டு, 8,000-க்கு 1 என்ற அளவில் வரைந்த உண்மையான வரைபடத்தின் மேல் விளையாட்டை நகர்த்தினார். ஒரு முறை என்பது போரில் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு படை எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் போகும். சேறு, சரிவு எல்லாம் கணக்கில் வரும். இரண்டு பக்கமும் கட்டளைகளை நடுவரிடம் எழுதிக் கொடுப்பார்கள். எதிரி கண்ணில் படாத படையின் காயை நடுவர் வரைபடத்தில் வைக்கவே மாட்டார்.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மறைந்திருப்பதைக் காட்ட இதைவிட நேர்மையான வழி இருக்கிறதா? 4 புள்ளி, 20 சதவீதம் ஒன்றும் கிடையாது. நீ மறைந்திருக்கிறாய், அதனால் நீ மேசையிலேயே இல்லை. விளையாட்டைப் பார்த்த தலைமைத் தளபதி மியூஃப்லிங் அதைப் படை முழுக்கப் பரப்பச் சொன்னார். ரைஸ்விட்ஸ் 1827-ல் தற்கொலை செய்துகொண்டார். தன் விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது கைகாக்ஸிடம் திரும்பி வரலாம். 1971-ல் அவரும் ஜெஃப் பெர்ரனும் சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' பொம்மைப் படைகளுக்கான விளையாட்டு. 1974-ல் டேவ் ஆர்னசனுடன் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போட்டபோதும் தூரத்தை மேசை அங்குலத்தில்தான் சொன்னார்கள். வீட்டுக்குள்ளே ஒரு அங்குலம் 10 அடி, வெளியே 10 கஜம். கையில் பொம்மையே இல்லாமல் விளையாடுகிறவர்களும் அங்குலத்தில் பேச வேண்டியிருந்தது!

நான் முக்கியமாக நினைப்பது நேரத்தை. 1979 விதியில் ஒரு சுற்று ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்தில் ஆள் எட்டிப் பார்ப்பான், குனிவான், மறுபடி எட்டிப் பார்ப்பான். அதெல்லாம் சேர்ந்த சராசரிதான் அந்த 2, 4, 7, 10. எந்த நொடியில் தலை வெளியே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

2000-ல் சுற்று 6 நொடியாகச் சுருங்கியது. ஐந்தடிக் கட்டங்கள் வந்தன. ஒருவர் முறை நடக்கும்போது மத்தவர்கள் எல்லாரும் சிலை மாதிரி நிற்பார்கள். உண்மையில் யாரும் நிற்கவில்லை, எல்லாம் ஒரே 6 நொடிக்குள் நடக்கிறது என்பது விளக்கம். ஆனால் மேசையில் விளைவு சிலைதான். இங்கேதான் சுவரின் குணம் மாறுகிறது. மூலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, எய்து, திரும்ப உள்ளே போய்விட்டால்? மத்தவர்கள் சிலையாக இருக்கும்போது நீங்கள் வெளியே இருந்தீர்கள். அவர்கள் உயிர் பெற்றபோது நீங்கள் முழுச் சுவருக்குப் பின்னால்.

மூன்றாம் பதிப்பு எழுதியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். அதில் நகர்ந்துவிட்டு எய்யலாம், அல்லது எய்துவிட்டு நகரலாம். நகர்வை வெட்டி நடுவில் எய்ய முடியாது. அதற்கென்று ஒரு தனித் திறமை வேண்டும், அதை எடுக்க முன்னால் வேறு சில திறமைகள் எடுத்திருக்க வேண்டும். ஆக சாதாரண வில்லாளி எய்த பிறகு வெளியே மாட்டிக்கொள்வான், இல்லாவிட்டால் வெளியே நின்றுதான் தன் முறையைத் தொடங்குவான். அம்புத் துளையில் நிற்கிறவன் மட்டும் நகராமலே எய்யலாம். அதனால்தான் துளைக்கு அவ்வளவு கிராக்கி, 10 புள்ளி.

2014-ல் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். 30 அடி நகர்வை எப்படி வேண்டுமானாலும் உடைத்துக்கொள்ளலாம். 10 அடி வந்து, எய்து, 10 அடி உள்ளே போகலாம், எல்லாருக்கும் இலவசம். அதே புத்தகத்தில் தடுப்பு மூன்றே வகையாகச் சுருங்கியது: அரை என்றால் 2, முக்கால் என்றால் 5, முழுசு என்றால் குறி வைக்கவே முடியாது. 2024 திருத்தத்திலும் இதே எண்கள்தான். ஐந்தாம் பதிப்பில் மத்த எண்களும் சின்னதாகிவிட்டன, அதனால் 5 என்பது பார்க்கிற அளவுக்குக் கம்மி இல்லை. 50 சதவீத வாய்ப்பை 25-க்குக் கொண்டுவரும். இருந்தாலும் துளைக்குப் பின்னால் நிற்கிறவன் எதிரியின் முறையில் 5 புள்ளியோடு நிற்கிறான். மூலையில் எட்டி எட்டிப் பார்க்கிறவனோ அதே நேரத்தில் தொடவே முடியாத இடத்தில் நிற்கிறான். கோட்டை கட்டினவனைவிட தெருமுனையில் நிற்கிறவன் பத்திரம். முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: துளையின் எண் குறைந்தது பெரிய விஷயமே இல்லை, நகர்வு விதி மாறியபோதே அதற்கான தேவை போய்விட்டது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. "அவன் தலையை நீட்டினால் எய்வேன்" என்று உங்கள் முறையைக் கட்டி வைத்துக் காத்திருக்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரு முறைக்கு இரண்டு தடவை தாக்குகிற அனுபவசாலி வீரன்கூட காத்திருந்து எய்தால் ஒரே அம்புதான். காத்திருந்தவனுக்குத்தான் தண்டனை. மரத்துக்குப் பின்னால் நின்று ராமன் விட்ட அம்பு சரியா என்று நம் பட்டிமன்றங்கள் இன்னும் விடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. ஐந்தாம் பதிப்பு அந்தக் கேள்வியை ராமன் பக்கம் தீர்த்து வைத்துவிட்டது என்று சொல்லலாம்.

இதே சிக்கலுக்கு வேறு விளையாட்டுகள் வேறு வழி பார்த்தன. 1977-ல் அவலான் ஹில் வெளியிட்ட, ஜான் ஹில் வடிவமைத்த 'ஸ்குவாட் லீடர்' இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்களைப் பற்றியது. இரண்டு ஆறுமுகப் பகடை, சின்ன எண் விழுந்தால் சுடுகிறவனுக்கு நல்லது. மரக்கட்டிடத்தில் இருக்கிறவனைச் சுட்டால் 2 கூடும், கல் கட்டிடம் என்றால் 3. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம் அடுத்ததில். நீங்கள் நகரும்போது எதிராளி சிலையாக நிற்பதில்லை, உங்கள் நகர்வுக்காகவே அவனுக்குச் சுடும் வாய்ப்பு உண்டு. திறந்த வெளியில் ஓடினால் கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் இருக்கிற தெருவைக் கடப்பதுதான் அந்த விளையாட்டே. சுவருக்கு எத்தனை புள்ளி என்பதைவிட, சுவரை விட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதில் அதன் உயிர் இருக்கிறது.

ஸ்டீவ் ஜாக்சனின் கர்ப்ஸ் 1986-ல் வந்தது. அது நேரத்தை இன்னும் பொடியாக்கி, ஒரு முறை ஒரே நொடி என்று வைத்தது. ஒரு நொடியில் வெளியே வந்து குறி பார்த்துச் சுட்டு உள்ளே போவது யாருக்கும் நடக்காத காரியம். குறி பார்ப்பதற்கே ஒரு நொடி போய்விடும். எட்டிப் பார்த்துச் சட்டென்று சுடலாம், ஆனால் குறியில் கழிவு உண்டு. நேர்மையான விளையாட்டு, ஆனால் பத்து நொடிச் சண்டைக்கு ஒரு சாயந்திரம் முழுக்கப் போய்விடும். எல்லாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது, எனக்கும்தான்.

ஸ்குவாட் லீடரில் இன்னொன்றும் இருக்கிறது. சுடப்பட்ட சிப்பாய்கள் சாகாமலே நொறுங்கிப்போவார்கள். சுட மாட்டார்கள், கிடைத்த மறைவைப் பார்த்து ஓடுவார்கள், ஒரு தலைவன் வந்து தேற்றினால்தான் திரும்புவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் எதிரிகளுக்கு மனவுறுதி உருட்டல் பழைய பதிப்புகளில் உண்டு. ஆனால் நாம் ஆடும் கதாபாத்திரத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. அவன் பயப்படுவானா என்பது நம் கையில். அதனால் பயம் வேறு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

1974-ல் அது தானாகவே வந்தது. முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப் புள்ளி ஒரு ஆறுமுகப் பகடை. ஆயுதம் எதுவானாலும் சேதமும் ஒரு ஆறுமுகப் பகடை. ஒரு அம்பு, ஒரு உயிர். அந்த ஆள் தூணை விட்டு வெளியே வருவதற்கு முன் மேசையில் ஒரு அமைதி விழும். 2014-ல் பத்தாம் நிலை வீரனுக்கு 80-க்குப் பக்கத்தில் உயிர்ப் புள்ளி இருப்பது சாதாரணம். பெரிய வில்லின் அம்பு எட்டுமுகப் பகடை, கூட ஒரு நாலைந்து. ஏழெட்டு அம்பு பட்டாலும் நிற்பான். அவனுக்குத் தூண் எதற்கு? நேராக நடந்து போய்விடலாம். தடுப்பு விதி சரியில்லை என்று புலம்புகிற பல மேசைகளில் உண்மையான பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். செத்துப்போக வாய்ப்பில்லாதவன் ஏன் குனிய வேண்டும்?

கடைசியாக, மறைந்திருக்கிறேனா இல்லையா என்று சொல்வது யார்? 1824-ல் நடுவருக்கு அட்டவணைகள் இருந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1876-ல், ஃபெர்டி டு வெர்னுவா என்கிற பிரஷ்யத் தளபதி அட்டவணையும் பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள அதிகாரி சொல்வதே தீர்ப்பு என்றார். 1880-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி டாட்டன் எழுதிய 'ஸ்ட்ராடிகோஸ்' புத்தகத்திலும் நடுவருக்குப் பெரிய அதிகாரம் உண்டு. 1960-களில் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அதைக் கண்டெடுத்தவர் டேவிட் வெஸ்லி. அவர் 1969-ல் நடத்திய 'பிரவுன்ஷ்டைன்' விளையாட்டு வட்டத்தில் இருந்தவர்தான் ஆர்னசன். பிரஷ்ய நடுவர் இந்த வழியாகத்தான் டன்ஜன் மாஸ்டராக வந்து சேர்ந்தார்.

அட்டவணையா, ஆளா என்கிற இழுபறி அப்போதிலிருந்தே தொடர்கிறது. 2014 கையேட்டில் கட்டம் போட்டு விளையாடுகிறவர்களுக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். தாக்குகிறவனின் கட்டத்தில் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள், எதிராளியின் கட்டத்தின் நாலு மூலைக்கும் கோடு இழுங்கள். ஒன்றோ இரண்டோ தடைபட்டால் அரைத் தடுப்பு, மூன்றோ நாலோ தடைபட்டும் அம்பு போக வழி இருந்தால் முக்கால். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கேலை எடுத்து யாரும் கோடு இழுப்பதில்லை. வில்லாளி மேசைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று, பொம்மைக்குப் பின்னால் கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். "பீப்பாய்க்குப் பின்னாடி பாதி தெரியறான்" என்பான். எதிர்ப் பக்கத்திலிருந்து "கால்வாசிகூடத் தெரியல" என்று குரல் வரும். டன்ஜன் மாஸ்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "சரி, அரைன்னு வச்சுக்கோ, உருட்டு" என்பார்.